எடையைத் தூக்கு... எண்ணித் தூக்கு!



"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பது நாம் எல்லோரும் ஐந்தாம் வகுப்பிலேயே கட்டுரை நோட்டில் எழுதி மார்க் வாங்கிய பழமொழி. மார்க் வாங்கினதோட சரி! அந்தச் சுவரை எதைக் கொண்டு கட்டுவது, அது எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை வருடம் நிற்கும் என்று நாம் கேட்டதில்லை. கான்கிரீட் கியூபை அமுக்கி உடைக்கிறோம். இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அறும் வரை இழுக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் கிராஃப் வரைந்து கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் நம் சொந்த உடம்பின் பலத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

விடுதியில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடை தூக்கும் பேச்சு வந்தால் மூன்று கட்சி கிளம்பும். "படிக்கிற பையனுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்பது முதல் கட்சி. "மூணே மாசத்துல சட்டைக் கை டைட்டாகணும் மாப்ளே, காலேஜ் டேக்குள்ள முடியுமா?" என்பது இரண்டாம் கட்சி. "வேணாம்ப்பா, வளர்த்தி நின்னுடும். விட்டுட்டா சதை தொங்கிடும்" என்பது மூன்றாம் கட்சி.

மூன்று பேர் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. எடை தூக்குவது வேலையற்றவன் பொழுதுபோக்கு அல்ல. வெறும் அழகு சமாச்சாரமும் அல்ல. பயந்து ஓட வேண்டிய ஆபத்தும் அல்ல. அது ஒரு மருந்து. எல்லா மருந்தையும் போல அதற்கும் அளவு உண்டு. அளவாக எடுத்தால் ஆளை நிமிர்த்தும். அளவு தப்பினால் அதே எடைதான் ஆளைச் சாய்க்கும். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இது பற்றி நடந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இளவட்டக்கல்லும் இரும்புச் செருப்பும்

எடை தூக்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பார்க்கலாம். ஊர் மந்தையில் உருண்டையாக ஒரு கல் கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள். கர்லாக்கட்டை சுற்றுவதும் நம் ஊர்ப் பழக்கம்தான்.

ஆனால் பலத்தைக் காட்டத் தூக்குவது வேறு. பலத்தை வளர்க்கத் தூக்குவது வேறு. இந்த இரண்டாவதற்கு மருத்துவ உலகில் பாதை போட்டவர் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அடிபட்ட காலுக்கு லேசான அசைவு மட்டும் போதும், பாரம் கொடுக்கக்கூடாது என்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். டெலோர்ம் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, பிறகு எடை தூக்கித் தேறியவர். அவர் துணிந்து சிப்பாய்களின் காலில் இரும்புச் செருப்பை மாட்டி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்க வைத்தார். சூம்பிப்போன தொடைகள் தேறின. 1945-ல் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1948-ல் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து, பத்துப் பத்தாக மூன்று தடவை தூக்கினாலே போதும் என்று முறையைச் சுருக்கினார். இன்று எல்லா ஜிம்மிலும் "மூணு செட், பத்து ரெப்ஸ்" என்று சொல்கிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. முடியாதவர்களை எழுப்பி நடக்க வைக்கத்தான் அந்தக் கணக்கே பிறந்தது!

எலும்பும் கிரேனும்

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1860-களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர் தொடை எலும்பை நெடுக்காக வெட்டி, உள்ளே இருக்கும் பின்னல்களைப் படமாக வரைந்திருந்தார். அதை அதே ஊரில் எஞ்சினியரிங் பேராசிரியராக இருந்த கார்ல் குல்மான் பார்த்தார். கொக்கு மாதிரி வளைந்த கிரேனில் பாரம் ஏற்றினால் உள்ளே எந்தெந்தப் பாதையில் இழுவிசையும் அமுக்குவிசையும் ஓடும் என்று கணக்குப் போட்டுக் கோடு வரைபவர் அவர். எலும்புக்குள் இருந்த பின்னல், அவர் கிரேனுக்குப் போட்ட கோடுகளை அப்படியே ஒத்திருந்தது! பிறகு ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-ல் இதையே விதியாக எழுதினார். எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். பாரம் இல்லாவிட்டால் இளைத்துப் போகும் என்பது அதன் சாரம்.

பாரமே இல்லாத இடம் எது? விண்வெளி. அங்கே தங்கும் வீரர்களுக்கு இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரைந்தன. சைக்கிள், நடை மெஷின் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பளு தூக்கும் இயந்திரம் ஒன்றையே அனுப்பினார்கள். அங்கே இரும்புத் தட்டுக்கு எடை ஏது? அதனால் காற்று நீக்கிய சிலிண்டரில் பிஸ்டனை இழுக்கும்படி செய்து பாரத்தை உண்டாக்கினார்கள். அதில் பயிற்சி செய்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு பூமிக்கு இறங்கினார்கள்.

"நான் என்ன ராக்கெட்லயா போகப் போறேன்?" என்று கேட்காதீர்கள். நம் வீட்டில் அம்மா இருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் அப்படி எலும்பு மெலிந்த 101 பெண்களை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பிரிவு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்ணெதிரே கனமான எடையைத் தூக்கியது. மற்றப் பிரிவு வீட்டிலேயே லேசான உடற்பயிற்சி செய்தது. எட்டு மாதம் கழித்து அளந்தால், தூக்கியவர்களின் இடுப்பு முதுகெலும்பு 2.9 சதவீதம் அடர்த்தி கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு முறிவு ஒன்றுகூட இல்லை. "வயசான பொம்பளைங்க குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது" என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொண்ணூறிலும் தாமதம் இல்லை

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டர் பத்துப் பேரைச் சேர்த்தார். வயது 86-லிருந்து 96 வரை! எட்டு வாரம் காலுக்கு எடை கட்டித் தூக்க வைத்தார். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள்.

அதே குழு 1994-ல் 100 முதியவர்களை வைத்துப் பெரிய ஆய்வு செய்தது. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவீதம் கூடியது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசை பலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பவுடர் பேச்சு வரும்போது தேவைப்படும்.

2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில் இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்தார்கள். நான்கு வருடம் போல் கவனித்தார்கள். பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய, இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியது. யார் சீக்கிரம் போவார் என்பதை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடியே நன்றாகக் காட்டியது!

இங்கே ஒரு எச்சரிக்கை. உடனே கடைக்கு ஓடிப்போய் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி அமுக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். கைப்பிடி என்பது பாய்லரில் இருக்கும் பிரஷர் கேஜ் மாதிரி. முள்ளைக் கையால் திருப்பினால் பாய்லரில் நீராவி ஏறிவிடுமா? உடம்பு முழுக்கப் பலம் இருந்தால் பிடியிலும் அது தெரியும், அவ்வளவுதான்.

ஒல்லியா இருந்தா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க!

"நான் ஒல்லிதானே, எனக்கு என்ன?" என்பது நம் ஆட்களின் பெரிய தைரியம். 2004-ல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே மருத்துவ இதழில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம், அதாவது பி.எம்.ஐ., அட்சரம் பிசகாமல் 22.3. பார்வைக்கு இரண்டு பேரும் ஒல்லிதான். ஆனால் உடம்புக் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! தராசு ஒரே எண்ணைக் காட்டுகிறது, உள்ளே இருக்கும் சரக்கோ வேறு. இந்திய உடம்பில் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். சர்க்கரை நோய் நம்மை ஒல்லியாக இருக்கும்போதே பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய குடோன் தசைதான். குடோன் சின்னதாக இருந்தால் சரக்கு ரோட்டில்தானே நிற்கும்? அந்த ரோடுதான் ரத்தக்குழாய். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், பருமன் இல்லாத 186 சர்க்கரை நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். நடை, ஓட்டம் மாதிரியான பயிற்சி ஒரு குழுவுக்கு, எடைப் பயிற்சி ஒரு குழுவுக்கு, இரண்டும் கலந்து ஒரு குழுவுக்கு. ஒன்பது மாதம் கழித்து மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, எடை தூக்கியவர்களுக்கு 0.44 புள்ளி குறைந்தது, நடந்தவர்களுக்கு 0.24 புள்ளிதான். ஒல்லி உடம்புக்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

சரி, மருந்தின் அளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: பெரியவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். 2022-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 16 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தசைப் பயிற்சி செய்பவர்களுக்கு அகால மரணம், இதய நோய், புற்றுநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் ஆபத்து 10 முதல் 17 சதவீதம் குறைவாக இருந்தது. அதிகப் பலன் எங்கே தெரியுமா? வாரத்துக்கு 30 முதல் 60 நிமிடத்துக்குள். தினம் இரண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியதில்லை! பலன் பார்த்த இடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு லேப் பீரியடைவிடக் குறைவு.

அப்பா கேட்ட கேள்வி

இத்தனையும் படித்துவிட்டு ஒரு விடுமுறையில் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பா ஒரு மண்டியில் லோடுமேன். இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்தவர். இன்று ஐம்பத்தொரு வயதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியாது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன்டா, நீ சொல்றது நெசம்னா, நான் தூக்காத எடையா? எனக்கு ஏன் இடுப்பு போச்சு?"

நியாயமான கேள்வி. நாலு நாள் தேடின பிறகுதான் பதில் கிடைத்தது. டென்மார்க்கில் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இதே கேள்வியைத்தான் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்து வருடம் போல் கவனித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதய நோய் குறைவு. ஆனால் வேலையிலேயே மிகக் கடுமையாக உடம்பை வருத்துபவர்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகள் 35 சதவீதம் அதிகம்! புகைபிடித்தல், படிப்பு போன்ற வித்தியாசங்களைக் கழித்த பிறகும் இதே கதைதான்.

ஏன் இப்படி? அவர்கள் சொல்லும் காரணங்கள் நமக்கு அன்னியமானவை இல்லை. ஜிம்மில் பத்துத் தடவை தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் உட்காருகிறோம், நாளைக்கு லீவு. லோடுமேனுக்கு லாரி காலியாகும் வரை ஓய்வு இல்லை. நாளைக்கும் லாரி வரும். அவர் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க ஏறியே நிற்கின்றன. எடையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சிமெண்ட் மூட்டை எப்போதும் 50 கிலோதான், தூக்குபவருக்கு ஜுரம் என்றாலும் 50 கிலோதான். நாம் நேராக நின்று தூக்குகிறோம். அவர் குனிந்து, திரும்பி, பலகை மேல் ஏறித் தூக்குகிறார்.

மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஃபெடீக் என்று படிக்கிறோமே, அதுதான் இது. ஒரே தடவை இழுத்தால் உடையாத கம்பி, லட்சம் தடவை ஆட்டினால் குறைந்த பாரத்திலேயே உடைகிறது. ஆனால் இரும்புக்கும் உடம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இரும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. உடம்பு செய்துகொள்ளும், ராத்திரி தூக்கமும் இரண்டு நாள் இடைவெளியும் கொடுத்தால். தசை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கி முடித்து ஓய்வெடுக்கும்போது. அந்த ஓய்வு கிடைத்தவனுக்கு எடை மருந்து. கிடைக்காதவனுக்கு அதுவே தேய்மானம். அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ எனக்கு லீவு குடுக்காததுதான் வியாதியா?" என்றார். ஆமாம் அப்பா, ஏறக்குறைய அதேதான்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் சைட் சூப்பர்வைசர், ஃபோர்மேன் ஆகப் போகிறோம். "அந்த மூட்டையை மேலே ஏத்து" என்று சொல்லப் போகும் வாய் நம் வாய். ஆகவே இரண்டு எண்களை மனதில் வையுங்கள். ஒன்று 55. ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. இன்னொன்று 23. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய தூக்கும் சமன்பாட்டில், எல்லா வசதியும் சரியாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளும் எடை 23 கிலோதான். பொருள் உடம்பைவிட்டுத் தள்ளி இருந்தாலோ, தரையில் கிடந்தாலோ, திரும்பித் தூக்க வேண்டியிருந்தாலோ, நிமிடத்துக்குப் பல தடவை தூக்கினாலோ அந்த 23-ம் குறைந்துகொண்டே வரும்.

ஒரு டிராலி, ஒரு செயின் பிளாக், இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. இந்த மூன்றும் பெரிய செலவு இல்லை. ஒரு மனிதனின் இடுப்பைவிட நிச்சயம் மலிவு.

பயங்களும் பவுடர்களும்

இப்போது மூன்றாம் கட்சிக்கு வருவோம். நாம் பத்தாவது முடித்து பதினைந்து, பதினாறு வயதில் இங்கே வந்து சேருகிறோம். "வளர்த்தி நின்னுடும்" என்ற பயம் இந்த வயதில்தான் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் இதை ஆராய்ந்து, முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சியால் உயரம் பாதிக்கப்படுவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆபத்து எங்கே என்றால், ஆள் இல்லாத நேரத்தில் பந்தயம் கட்டித் தூக்குவதில். "நூறு கிலோ தூக்குறியா, புரோட்டா வாங்கித் தரேன்" என்பான் ஒருவன். புரோட்டாவுக்காக முதுகெலும்பை அடகு வைக்காதீர்கள்!

"விட்டுட்டா சதை தொங்கிடும்" என்பதும் பாதிதான் உண்மை. தசை கொழுப்பாக மாறாது. இரண்டும் வேறு வேறு திசு. பயிற்சியை விட்டால் பலம் குறையும். பாஸ்டன் முதியவர்கள் நான்கு வாரம் விட்டதிலேயே 32 சதவீதம் பலத்தை இழந்தார்கள். ஆகவே காலேஜ் டேவுக்காக மூன்று மாதம் என்பது வீண். வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் சரி.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். கனடாவில் 1985-ல் பாடி பில்டர்களின் ரத்தக்குழாயிலேயே கருவியை வைத்து அளந்தபோது, காலால் கனமாகத் தள்ளும் நேரத்தில் சராசரி ரத்த அழுத்தம் 320/250 வரை போனது. நமக்கு 120/80! தொடர்ந்து அளவாகப் பயிற்சி செய்தால் சாதாரண நேரத்து அழுத்தம் கொஞ்சம் குறையவே செய்கிறது. ஆனால் ஏற்கெனவே அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. தூக்கும்போது மூச்சை விடு, இறக்கும்போது இழு. இதுதான் பால பாடம்.

கனமான பிளேட் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். அதே கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-ல், ஒருவர் அதிகபட்சம் தூக்கக்கூடிய எடையில் 30 சதவீதத்தையும் 80 சதவீதத்தையும் ஒப்பிட்டார்கள். இதற்கு மேல் முடியாது என்னும் வரை தூக்கினால் இரண்டிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்ந்தது. தண்ணீர் வாளியும், புத்தகம் நிறைந்த பையும், தண்டால் போடத் தரையும் போதும்.

இனி பவுடர். ஆய்வுகளை எல்லாம் கூட்டி 2018-ல் சொன்ன கணக்குப்படி, எடை தூக்குபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் எடுத்தால் தசை கூடுவதில்லை. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம். மீதி பருப்பு, சுண்டல், மீன், தயிர். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு டப்பா வாங்க அப்பா இன்னும் எத்தனை மூட்டை தூக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

பவுடராவது பர்ஸைக் கடிப்பதோடு நிற்கும். ஊசி அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஆணழகன் போட்டிக்காக ஒரு ஜிம்மில் "ஆறே வாரத்துல ரிசல்ட்" என்று போட்ட ஊசியால் முகமெல்லாம் கட்டி வந்து, ராத்திரி தூக்கமில்லாமல், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். வெளியே தெரிந்தது இவ்வளவு. உள்ளே? 2017-ல் அமெரிக்காவில் எடை தூக்கும் 140 ஆண்களின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த 86 பேரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக 52 சதவீத ரத்தத்தைத்தான் வெளியே தள்ளியது. எடுக்காத 54 பேருக்கு 63 சதவீதம். இரண்டு கூட்டமும் எடை தூக்கிய கூட்டம்தான். வித்தியாசம் ஊசியில். வெளித்தசை வீங்க, உள்ளே இருக்கும் முக்கியமான தசை தளர்கிறது. இது என்ன லாபக் கணக்கு?

பேரவைக்கு ஒரு கோரிக்கை

தோழிகள் இதுவரை "இது பசங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டியிருக்கக்கூடாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பளுதூக்குதல் முதன்முதலாக வந்தது 2000-ல், சிட்னியில். அந்த முதல் தடவையே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2021-ல் டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியவர். நாம் எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் எழுபது வயதில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருப்பதும் ஒரு பதக்கம்தான்.

ஆகவே நம் மாணவர் பேரவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒன்று, விடுதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு அறை, ஒரு இரும்பு பார், கொஞ்சம் பிளேட்டுகள். ஸ்டாண்டும் பெஞ்சும் நம் வெல்டிங் ஷாப்பிலேயே செய்துகொள்ளலாம். பிராக்டிகலுக்குப் பிராக்டிகலும் ஆச்சு! இரண்டு, உடற்கல்வி ஆசிரியர் பார்வையில், பந்தயம் இல்லாமல், வாரம் இரண்டு நாள். மூன்று, மாணவிகளுக்குத் தனி நேரம். கேலி செய்பவனுக்கு அந்த அறையில் இடமில்லை. நான்கு, மெஸ்ஸில் சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் வாரம் மூன்று நாளாவது சுண்டலும் முட்டையும். ஐந்து, ஆய்வுக்கூடத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் வரும் சரக்கை இறக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு நல்ல டிராலி. நமக்கு மட்டும் ஆரோக்கியம் கேட்டு, நம் கண்ணெதிரே ஒருவர் முதுகு ஒடியப் பார்த்துக்கொண்டிருந்தால் அது என்ன படிப்பு?

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைக்காமல் ஒரு பாலம் வரைந்தால் ஆசிரியர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உடம்புக்கும் அதை வையுங்கள். குறைவாகத் தொடங்கு, மெல்ல ஏற்று, ஓய்வு கொடு, ஊசி பக்கம் போகாதே, நாளை அதிகாரம் கைக்கு வரும்போது அடுத்தவன் தோளுக்கும் ஒரு அளவு வை.

டிப்ளமா மூன்று வருடத்தில் கைக்கு வந்துவிடும். உடம்பு அறுபது வருடம் கூட வர வேண்டும். அந்தச் சுவரை இன்றைக்கே கட்டத் தொடங்குவோம். வாருங்கள் நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை